நடந்துவிட்டு வந்த புத்தகங்கள்

எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது சுலபம். திருப்பிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. காரணம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா. நீங்கள் நாவலை நீட்டினால் வாங்கி மேசைமேல் வைத்து, அதன்மேல் இடது உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு விசேஷம் விசாரிப்பவர்போல ஒரு கேள்வி கேட்பார். "இதுல அந்த மூத்த மக கடைசில யாருக்க வீட்டுக்குப் போனா?" பதில் சொன்னால் பதிவேட்டைத் திறப்பார். விழித்தால் புத்தகம் உங்கள் பக்கமே திரும்பி வரும். "கொண்டு போங்க. இது சும்மா நடந்துட்டு வந்திருக்கு" என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரை எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கண்டிப்பால் நான் பட்ட பாடே போதும். ஊரில் எல்லாரும் லைப்ரரி அக்கா என்றார்கள். மலையாளத்தில் பேசுகிறவர்கள் சேச்சி என்றார்கள். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பிறந்து, எல்லை தாண்டிக் கேரளத்துக் குளத்தூருக்குக் கல்யாணமாகி வந்தவர். கணவர் இறந்த பிறகு இந்த வேலையில் சேர்ந்தார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த வரலாறு அவ்வளவுதான். ஆறு வருடம் நூலகச் செயலாளராக இருந்தும் அதற்குமேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய பதிவேடு ஒரு தனி ரகம். புத்தகம் வெளியே போகும்போது பென்சிலால் எழுதுவார். தேதி, புத்தக எண், எடுப்பவர் பெயர். அது திரும்பி வந்து, கேள்விக்குப் பதிலும் வந்த பிறகு, அதே பென்சில் வரியின்மேல் நீல மையால் எழுதுவார். பதில் வராத வரி பென்சிலாகவே கிடக்கும். மாதக் கடைசியில் எத்தனை புத்தகம் போயிற்று என்று பார்க்கும்போது மை வரிகளை மட்டும்தான் எண்ணுவார். இப்படி ஒரு முறையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு எந்த நூலகத்திலும் நான் பார்த்ததும் இல்லை.

ஓய்வு பெற்ற கிராம அலுவலர் ஒருவர் ஒரே நாவலை நான்கு முறை வீட்டுக்கும் நூலகத்துக்குமாகச் சுமந்தார். மனைவியிடம் மரியாதை கிடைக்கிறது என்பதற்காகக் கையில் புத்தகத்தோடு நடக்கிற மனிதர். ஐந்தாம் முறை, வீம்புக்காகவே உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, கேள்வி கேட்பதற்கு முன்பே முழுக்கதையையும் கோபமாகச் சொன்னார். அக்கா மையால் எழுதினார். அவர் படி இறங்கி, பிறகு திரும்பி வந்து, இதை எழுதினவர் வேறு ஏதும் எழுதியிருக்கிறாரா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். கேள்வி வந்ததும் வெளியே போய், மனைவிக்குப் போன் செய்து முடிவைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து ஒப்பித்தார். அக்கா அந்தப் போனைத் தரச் சொன்னார். மறுமுனையில் இருந்த மனைவியோடு கால்மணி நேரம் அந்த நாவலைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து, ஆட்டோக்காரரின் பெயரை ரப்பரால் அழித்துவிட்டு மனைவியின் பெயரை மையால் எழுதினார். வாசித்தவருக்குத்தான் வரி சேரும் என்பது சட்டம். ஆட்டோக்காரருக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, சிரித்துக்கொண்டே போனார்.

நூலகத்தில் வேலை செய்பவர் நாள் முழுக்க மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து நாவல் படிப்பதாகத்தான் ஊர் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலையில் அவர் முதலில் செய்வது சிதல், அதாவது கரையான் பார்ப்பது. ஜூன், ஜூலை மழையில் இரண்டு நாள் அசந்தால் ஒரு தட்டு முழுக்க மண்ணாகியிருக்கும். பிறகு தூசி தட்டித் தும்முவது, கிழிந்த முதுகுக்குப் பசை தடவுவது, திரும்பி வந்த புத்தகங்களை உதறிப் பார்ப்பது. பக்கங்களுக்கு நடுவிலிருந்து கேஸ் ரசீது விழும், ஹேர்பின் விழும், ஒருமுறை ஒரு ரேஷன் கார்டே விழுந்தது. மீன் செதில் ஒட்டிய பக்கத்தைப் பார்த்தே எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லுவார். பத்திரிகை படிக்க வரும் ஆண்கள் அவரை மணி கேட்பதற்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

மதியத்துக்கு மேல் இன்னொரு வேலை. நூலகத்துக்கு வர முடியாத பெண்களுக்கு வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது. காக்கித் துணிப்பையில் பதினைந்து இருபது புத்தகம், கையில் குடை. திருப்புறம் போகும் வழியில் பாதி தூரம் வரைக்கும் நடை. பல வருடமாக அந்தப் பையைத் தூக்கி அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாய்களுக்கு அவரைப் பழக்கம். வீட்டுக்காரிகள் தொழுவத்திலோ கிணற்றடியிலோ நின்றால் அங்கேயே போய்க் கேள்வி கேட்பார்.

இத்தனைக்கும் நடுவே அவர் நாவல் படித்தது ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணி வரை. வலது கை மரச்சீனிக் கிழங்கையும் மீன்குழம்பையும் கவனித்துக்கொள்ளும். இடது கை, படித்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை மூடியிருக்கும். அடுத்து வருவது தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். ஒருநாள் நூலகம் மறுபடி திறக்க அரைமணி நேரம் தாமதம் என்று புகார் வந்தது. செயலாளர் என்ற முறையில் விசாரித்தேன். "அந்தப் பிள்ள ஒற்றைக்கு ரயிலு ஸ்டேஷன்ல நிக்குதா தம்பி. விட்டுட்டு வர மனசு வரல்ல" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத்தான் அது நாவலில் வருகிற பிள்ளை என்று எனக்குப் புரிந்தது. புகார்ப் புத்தகத்தில் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அதற்கும் அவர் என்னிடம் கோபித்தார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறசாலையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. வீட்டில் பேசுவது தமிழ். படித்தது முழுக்க மலையாளம். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கொண்டுவரும் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பதினைந்து வருடமாக நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதை முத்திரையைப் பார்த்துத் தீர்மானிப்பேன். இது எங்கள் பகுதியில் ஆச்சரியமில்லை. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான். நாவல் எந்த மொழியிலும் படித்ததில்லை. செயலாளரானது, வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால்.

நூலகத்தில் எல்லாம் மலையாளப் புத்தகங்கள், இரண்டு அலமாரி தவிர. அவை தமிழ். பழைய மிஷன் சபையைச் சேர்ந்த கம்பவுண்டர் ஒருவர் மதுரைப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தவை. பெரும்பாலும் நாவல்கள். நடுநடுவே வேறு ஏதேதோ புத்தகங்களும் உண்டு. பதிவேட்டைப் புரட்டினால் தமிழ் அலமாரி எண்களுக்கு நேரே ஒரே பெயர்தான் இருக்கும், அக்காவின் பெயர். அதிலும் ஒரே எண் மூன்று மூன்று முறை. நான் ஒருமுறை கேட்டேன். "மூணு தடவ வாசிச்சேன்" என்றார். நாவல் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் நூலகத்தின் தரத்தைப் பார்த்துக் கிரேடு போடத் தாலுக்காவிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. கிரேடு உயர்ந்தால் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான புத்தகங்களும் அவற்றுக்கு அலமாரியும் வரும். எங்கள் தலைவர், அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், இதில் உயிரையே வைத்திருந்தார். கமிட்டியில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மை வரிகளை மட்டும் காட்டினால் நாம் தோற்றோம், எண்ணிக்கையை ஏற்றியாக வேண்டும். இரண்டு, தமிழ் அலமாரியை நூலகரைத் தவிர யாரும் தொடுவதில்லை. இந்த வருடமும் வேறு வாசகர் பெயர் இல்லை என்றால் அந்தப் புத்தகங்களை மூட்டை கட்டி மச்சில் போட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். எங்கள் மச்சில் போன எதையும் சிதல் திருப்பித் தந்ததில்லை. அக்கா ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். அவர் என்னிடம் ஏதாவது கேட்டது அந்த ஒருமுறைதான். "அலமாரி அங்ஙனயே இருக்கட்டும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். நான் சுலபமான வழி சொன்னேன். நாலு பெண்களின் பெயரை அந்த எண்களுக்கு நேரே எழுதினால் தீர்ந்தது.

"அவியள் வாசிக்கல்லியே."

"யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பாக்காட்டா வாசிச்சதா ஆவுமா?" என்றார்.  எனக்கு எரிச்சலாக வந்தது. அலமாரி அவருக்குத்தான் வேண்டும், அதற்கு ஒரு வரி எழுதமாட்டார் என்றால் எப்படி?

சரி, நாமே செய்துவிடலாம் என்று தீர்மானித்தோம். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை மதியம், நானும் தலைவரும் பதிவேட்டோடு உட்கார்ந்தோம். தலைவர் பழம்பொரியும் கட்டன் சாயாவும் வரவழைத்தார். மூன்று விதமான பேனா, இரண்டு விதமான கையெழுத்து. இந்த வேலையில் எனக்குத் திறமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையாளப் புத்தகங்களை முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தேன். தலைப்பு படிக்கத் தெரியாததால், முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். அலமாரியில் கைக்கு எட்டியவற்றை எடுத்து, ஒரே எண்ணைப் பல பெயர்களுக்கு எழுதினேன், பிறகு அக்கா மேசைமேல் விட்டுப் போயிருந்த பையிலிருந்து ஒன்று. உறுப்பினர் பெயர் தீர்ந்துபோனபோது, எண்ணிக்கைக்காக எப்போதோ சேர்த்துவிட்டிருந்த என் அம்மாவின் பெயரை அந்தப் பைப் புத்தகத்துக்கு நேரே எழுதினேன். என் அம்மா வீட்டில் நைட்டி தைக்கிறவள். எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. அளவுகளைக்கூடச் சுவரில் கோடு கோடாகப் போட்டுத்தான் வைத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி மெதுவாகப் பேசுகிற மலையாளி. அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பதிவேட்டைப் புரட்டி, தமிழ்ப் புத்தகங்களுக்கு இவ்வளவு வாசகர்களா என்று சந்தோஷப்பட்டார். ஒரு எண்ணை மட்டும் ஒரே மாதத்தில் ஆறு பெண்கள் எடுத்திருக்கிறார்களே, அவ்வளவு நல்ல நாவலா என்று கேட்டு, அந்தப் புத்தகத்தை எடுத்துத் தலைப்பைப் படிக்கச் சொன்னார். அக்கா புத்தகத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், "கோழி நோய்களும் மருந்துகளும்" என்று படித்து, மலையாளத்திலும் சொன்னார்.

இந்தப் பக்கம் கோழிகளுக்கு ஏதாவது பரவியிருக்கிறதா என்று அதிகாரி தலைவரிடம் விசாரித்தார். தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதிகாரி பதிவேட்டில் விரலை ஓட்டி, இந்த வாசகி பக்கத்தில் இருக்கிறாரா, ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வரலாமே என்றார். விரல் நின்றது என் அம்மாவின் பெயரில்.

நூலகத்திலிருந்து எங்கள் வீடு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு வியர்த்தது போல எந்த மே மாதத்திலும் வியர்த்ததில்லை. அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி மரியாதையாக, நீங்கள் எடுத்த நாவல் எப்படி இருந்தது என்று கேட்டார். அக்கா அந்தப் பைப் புத்தகத்தின் தலைப்பைச் சொன்னார். முடிந்தது என்று நான் வாசற்படியில் சாய்ந்தேன்.

அம்மா மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தபால்காரன். ஊரில் ஐந்து பேருக்கு வந்த கடிதங்களைக் கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டான். அவன் செத்தபிறகு பெண்டாட்டி பெட்டியைத் திறக்கிறாள். பார்த்துப் பதறி, ஒவ்வொரு கடிதமாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்படுகிறாள். முதல் கடிதத்தை வாங்கியவள் செருப்பைத் தூக்கினாள். இரண்டாம் கடிதத்துக்குரியவர் கண் தெரியாதவராகிவிட்டார், இவளே படித்துக் காட்ட வேண்டி வந்தது. கடிதம் போய்ச் சேர்ந்த நாலு வீடுகளையும் என் அம்மா நேரில் பார்த்தவள் மாதிரிச் சொன்னாள்.  அவள் தமிழில் சொன்னதை அதிகாரி கிட்டத்தட்டப் புரிந்துகொண்டார், புரியாததைக் கேட்டுக்கொண்டார்.

"கடைசிக் கடிதம்?" என்று கேட்டார்.

"அது இனியாக்கும். வியாழாச்ச இவ வந்து வாசிப்பா" என்று அம்மா அக்காவைக் காட்டினாள்.

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. வியாழக்கிழமை மதியம் அக்கா மூன்று வீடுகளுக்குப் போய்த் தமிழ் நாவல் வாசித்துக் காட்டுகிறார். கேட்பவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், எழுத்து தெரியாதவர்கள். சிலருக்கு மலையாள எழுத்து மட்டும் தெரியும். எங்கள் வீடு மூன்றாவது. துணி கொடுக்க வருகிற பெண்களும் உட்கார்ந்து கேட்பார்கள். சத்தம் வரும் என்று அம்மா மெஷினை நிறுத்திவிடுவாள். வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய நைட்டி எப்போதும் வெள்ளிக்கிழமை ஆவது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "நீ எப்பம் மக்கா கேட்ட?" என்றாள். ஒரே எண் மூன்று முறை, மூன்று வீடு. வாசித்தவர் அக்கா, ஆகவே அக்காவின் பெயர். புத்தகம் கொடுக்கப் போகிற நேரத்தில் உட்கார்ந்து வாசிப்பதைக் கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எனக்குப் பறப்பதுபோல இருந்தது. நான் எழுதிய பொய் உண்மையாகிவிட்டது. அதிகாரியின் முகத்தில் திருப்தி தெரிந்தது. கோழியை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். மேசையில் பதிவேட்டை விரித்து, எல்லாம் சரி என்று நூலகர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அலமாரி பிழைத்தது, கிரேடும் வந்தது என்று நினைத்தேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கேலை எடுத்தார். நானும் தலைவரும் ஞாயிற்றுக்கிழமை எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், குறுக்கே கோடு போட்டு அடித்தார். எந்த வரி எங்களுடையது என்று அவருக்கு ஒரு இடத்தில்கூடச் சந்தேகம் வரவில்லை. தமிழ்ப் புத்தக வரிகளையும் அடித்தார். அந்த அலமாரியைக் காப்பாற்ற இருந்தவை அவை மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும்.  அம்மாவின் வரிக்கு வந்ததும் நின்றார்.

"இது முடியல்ல. முடிஞ்சாலும் என் பேருலதான் வரும். பென்சில்ல இருக்க வேண்டியதாக்கும்" என்று சொல்லி அதையும் அடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டார். கிரேடு வரவில்லை. புதன்கிழமை கமிட்டி கூடி, இனி அவர் வர வேண்டாம் என்று முடிவெடுத்தது. கடிதத்தை எழுதியது நான். கையெழுத்துப் போட்டதும் நான். மறுத்திருக்கலாம். தலைவரின் கோபத்துக்குப் பயந்தேன் என்பது பாதி. கோழிப் புத்தகம் ஊர் முழுக்கச் சிரிப்பாகிவிட்டதில் அவர்மேல் எனக்கும் ஆத்திரம் இருந்தது என்பது மீதி.

சாவியையும் பையையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பைக்குள் அந்த நாவல் இருந்தது. அம்மா ஆளனுப்பி, வேலை போனால் என்ன, நீ வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போ பிள்ளே என்று கேட்டாள். புத்தகம் நூலகத்துக்குரியது, தான் இனி அதைத் தொட முடியாது என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் களியக்காவிளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பக்கமே போய்விட்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். வியாழக்கிழமை மதியம் மெஷினை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி கொடுக்க வந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சாப்பிட வந்திருந்த நான் அதைப் பார்த்தேன். அடுத்த வியாழனும் அப்படியே. மூன்றாவது வியாழன் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

நான் அந்த நாவலை நூலகத்திலிருந்து எடுத்தேன். பதிவேட்டில் பென்சிலால் என் பெயரை எழுதினேன். பிறகு தமிழ் எழுத்து படிக்க ஆரம்பித்தேன், முப்பத்தொன்பது வயதில். கடையில் நகல் பிசகி ஒதுக்கிய தாள்கள்தான் பாடப்புத்தகம். நாகர்கோவில் பஸ்களின் பலகை இன்னொன்று. பேசத் தெரிந்த மொழி என்பதால் சொல்லைப் பிடித்துவிட்டால் எழுத்து தானாக வரும், சில சமயம் தப்பாகவும் வரும். வாடிக்கையாளர்களிடம் சந்தேகம் கேட்டேன். பட்டா நகலுக்கு வந்த ஒரு பெரியவர், பதினைந்து வருடம் இது தெரியாமலா எனக்கு நகல் எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்டுச் சிரித்தார். அந்த நாவலைத் தட்டுத் தடுமாறிக் கடைசி அத்தியாயம் வரை வாசித்து வர நாலு மாதம் ஆயிற்று.

ஒரு வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மற்ற இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். பதினோரு பேர். கடைசி அத்தியாயத்தின் பதினாறு பக்கத்தை வாசிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுத்துக் கூட்டும்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லை நான் மூன்று முறை தப்பாக வாசித்தபோது, கதைப் போக்கை வைத்து அம்மாவே அதைச் சொல்லிக் கொடுத்தாள்.  முடிந்ததும் அம்மா, "மத்தவ நல்லா வாசிப்பா" என்றாள். சக்கரத்தைச் சுற்றி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிறு களியக்காவிளைக்குப் போனேன். துணிக்கடையில் அக்கா பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவர் முதலில் கேட்டது அலமாரியைப் பற்றி. கிரேடு வராததால் தேர்வுப் புத்தகங்களும் வரவில்லை, அதனால் தமிழ் அலமாரியை நகர்த்த யாருக்கும் தேவை ஏற்படவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது என்றேன். தலைவரிடம் வாசகர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன். நீங்கள் திரும்பி வர வேண்டும், கமிட்டியில் நான் பேசுகிறேன், அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்றேன். இங்கே உட்கார நாற்காலி தருகிறார்கள், மழையில் நடக்க வேண்டாம், இனி முடியாது தம்பி என்றார். அதை வருத்தமில்லாமல்தான் சொன்னார்.

தபால்காரன் நாவலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்றேன். அளந்த துணியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மடித்த துணியை மேசைமேல் வைத்தார். அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்தார்.

"கடைசிக் கடிதாசு யாருக்கு?"

"மேல்விலாசம் மழையில அழிஞ்சு போச்சு அக்கா. யாருக்குன்னு தெரியாது. அவ அத தபால்பெட்டியில திரும்பப் போட்டா. ஆளு வந்து பெட்டியத் திறந்து எடுக்கது வர அங்கேயே நின்னா."

"ஏன் உடச்சுப் பாக்கல்ல? யாருக்குமில்லாத கடிதாசுதானே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"அவளுக்க கடிதாசு இல்லியே அக்கா."

 அவர் துணியிலிருந்து கையை எடுத்தார். "வாசிச்சிருக்கிய" என்றார். வாடிக்கையாளர் கூப்பிட்டார், போய்விட்டார்.

திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் நேரே நூலகத்துக்குப் போனேன். அன்று விடுமுறை, சாவி என்னிடம் இருந்தது. பதிவேட்டைத் திறந்து, நாலு மாதமாகப் பென்சிலாகக் கிடந்த என் பெயரின்மேல் நீல மையால் எழுதினேன்.